லிசியை மறந்த வேன்

எடமலைப்பட்டி புதூரில் ரெஜிஸின் ஒர்க்‌ஷாப் வேன் ஒரு செவ்வாய்க்கிழமை லிசியை மறந்தது. மறுநாள் ஷட்டர் மறந்தது. அந்த வாரம் முடிவதற்குள் தெருவும் மறந்துவிட்டது.

அதுவரை அந்த ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் வேலை ரெஜிஸுக்கும் சாவி வேலை அவன் மனைவி லிசிக்கும் என்று இருந்தது. கார் சாவியைத் தொலைத்தவர்கள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கம்பெனிக்கு அலைவதைப் பார்த்து, இதை நாமே செய்யலாம் என்று சொன்னவள் அவள்தான். சென்னைக்குப் போய்ப் பயிற்சி எடுத்து, டிபன் பாக்ஸ் அளவில் ஒரு மிஷினோடு திரும்பினாள். ஸ்டீயரிங்குக்குக் கீழே அதைச் செருகி, புதுச் சாவிக்குள் இருக்கும் சிப்பைக் காருக்கு அறிமுகம் செய்துவைப்பாள். மற்ற ஊர்களில் கார் சாவியைத்தான் தெரிந்துகொள்ளும். லிசி போட்டுத் தந்தால் ஆளையே தெரிந்துகொள்ளும். ஸ்ரீரங்கம் ரெங்கராஜ் வாசலில் கால் வைத்ததும் அவர் கார் விளக்கைச் சிமிட்டியது. மருங்காபுரி ராக்கம்மாளின் கார், அவருக்குத் தெரியாமல் எடுக்க வந்த மருமகனைப் பார்த்து இருமிவிட்டு அணைந்துபோனது. இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

லிசியிடம் ஒரு கண்டிப்பு மட்டும் உண்டு. புதுச் சாவி சேர்க்கும்போது பழைய சாவிகள் எல்லாம் மேசை மேல் இருக்க வேண்டும். காட்டாத சாவியைக் கார் மறந்துவிடும். மனைவியின் சாவியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவரை, "போய் எடுத்துட்டு வாங்க சார், அவங்க ரோட்டுல நிக்கணுமா?" என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். ரெஜிஸுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தபோது முதலில் சொன்னதும் அதைத்தான்.

மாமியாருக்கு ஆபரேஷன் என்று லிசி புத்தூர் ஆஸ்பத்திரியில் தங்கியிருந்த நாட்களில், துபாயிலிருந்து திரும்பிய கொழுந்தன் கிளமென்ட் ஒர்க்‌ஷாப்பில் கூட்டாளியானான். அவளிடம் யாரும் சொல்லவில்லை. செவ்வாயன்று மாமியாருக்கு மாற்றுப்புடவை எடுக்க வீட்டுக்கு வந்தவள், அதை ஒட்டிய ஒர்க்‌ஷாப் வாசலில் 'ரெஜிஸ் பிரதர்ஸ்' என்ற புது போர்டைப் பார்த்தாள். பையிலிருந்து சாவியை எடுத்து வேனைத் திறக்கப் பார்த்தாள். அது அசையவில்லை.

"கிளமென்ட்டுக்கு ஒரு சாவி போட்டேன். உன் சாவி உன்கிட்ட இருந்துச்சா, ஞாபகமே இல்ல," என்றான் ரெஜிஸ்.

"இனிமே வண்டி எடுத்துக்கிட்டு எங்க அண்ணி போகப் போறீங்க? ராணி மாதிரி வீட்ல இருங்க," என்று சிரித்தான் கிளமென்ட்.

லிசி அவனைப் பார்க்கவில்லை. "ஏங்க, காட்டாத சாவி அழிஞ்சிடும், பரவாயில்லையான்னு மிஷின் கேட்டிருக்குமே. என்ன அமுக்குனீங்க?"

ரெஜிஸ் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைக்கத் தொடங்கினான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை ஷட்டர் அவள் கைக்கு ஏறவில்லை. பத்து வருஷம் அவளுக்கு டீ கொடுத்த கலீல் பாய், "ஏரியாவுக்குப் புதுசாம்மா? சர்க்கரை எப்படி?" என்று அன்பாகக் கேட்டார். வெள்ளிக்கிழமை, கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது மாமியார், "உங்களுக்குப் புண்ணியமாப் போகும் நர்ஸம்மா, என் மருமகளைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்றார். லிசி அவர் வாயைத் துடைத்துவிட்டு, வருவாங்க என்றாள். ரெஜிஸ் ஒருவனுக்கு மட்டும் அவளை நன்றாக ஞாபகம் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

விஷயம் கைமீறிப் போவதைப் பார்த்து சனிக்கிழமை அவனே ஆஸ்பத்திரிக்கு வந்து அவளை ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப்போனான். "தப்புதான் லிசி. உன் சாவியையும் சேத்துடு, எல்லாம் பழையபடி ஆயிடும்." அது உண்மை என்று அவளுக்கும் தெரியும். மூன்று சாவிகளையும் வரிசையாக வைத்து வேனில் மிஷினைச் செருகினாள். எத்தனை சாவி என்று அது கேட்டது. மூன்றுக்குப் போன விரல் அங்கேயே நின்றது. இதே இடத்தில் அன்றைக்கு அவன் விரல் எவ்வளவு நேரம் நின்றிருக்கும், நின்றதா என்று யோசித்தாள். பிறகு பூஜ்யத்தை அமுக்கினாள். எல்லாச் சாவியும் அழிந்துவிடும், பரவாயில்லையா என்றது. ஆமாம் என்றாள்.

"என்னடி பண்ணிட்ட?"

"உங்ககிட்ட கேட்ட மாதிரியே என்கிட்டயும் கேட்டுச்சுங்க."

யாரையும் தெரியாத வேன் தானாகக் கிளம்பி, இண்டிகேட்டர் போட்டு மதுரை ரோட்டில் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு அது யாருக்கும் சொந்தமாக இருக்கவில்லை. காலையில் காந்தி மார்க்கெட், மதியம் அம்மா மண்டபம் என்று சுற்றியது. கை காட்டியவர்களை ஏற்றிக்கொண்டது. ஒர்க்‌ஷாப்பைக் கடந்து அது போகும்போதெல்லாம் ரெஜிஸ் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அமுக்கிப் பார்ப்பான். புத்தூரில் சின்னதாகக் கடை போட்ட லிசியிடம் பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகப் புது ஆட்களைப் போல வந்து பெயர் கேட்டார்கள். அவளும் சலிக்காமல் சொன்னாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் ஸ்ரீரங்கத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டு அவள் பஸ்ஸுக்காக நின்றபோது, அந்த வேன் வந்து நின்று கதவைத் திறந்தது. லிசி தயங்கினாள். உள்ளே இருந்த பூக்காரம்மா கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள்.

"ஏறும்மா, நனையாத. இது நல்ல வண்டி. யாரு என்னன்னு கேக்காது."

லிசி ஏறி உட்கார்ந்து, "புத்தூர்," என்றாள்.