லூயியின் இடது பக்கம்

இரண்டாவது ரவுண்டில் என் வலது கை தற்செயலாக லூயி ஃபென்டனின் இடது கன்னத்தில் பட்டது. பலமான குத்து இல்லை, தட்டினது போலத்தான். ஆனால் அவன் கண் இமைக்கவில்லை. இருபத்திரண்டு வயதுப் பையன், பதினோரு சண்டையில் பதினொன்றும் ஜெயித்தவன், குத்து கிளம்பும்போதே நகர்ந்துவிடுகிறவன்; போன வருடம் ஒருமுறை அவனோடு மோதியதில் எனக்கே தெரியும். அன்று கை முகத்தைத் தொடும்வரை அது வருவதே அவனுக்குத் தெரியவில்லை. பட்ட பிறகுதான் தலை திரும்பியது, இருட்டில் கதவில் இடித்துக்கொண்டவன் திரும்புவதுபோல.

அந்தக் கை ஐந்து வருடங்களுக்கு முன் விட்னஸ் என்கிற ஊரில் ஒரு குத்துச்சண்டையில் முறிந்தது. சேர்த்து வைத்தார்கள், சரியாகச் சேரவில்லை. அதற்குப் பிறகு வலது கையை நான் பாவனைக்குத்தான் தூக்குவேன். மூன்றாவது ரவுண்டில் வேண்டுமென்றே ஒருமுறை வீசிப் பார்த்தேன், பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுகிற வேகத்தில். பட்டது. நான்காவதில் இன்னொன்று. அதுவும் பட்டது. அதன் பிறகு வலது கையைத் தாடையோடு ஒட்டவைத்துக்கொண்டு மீதி இரண்டு ரவுண்டையும் ஓட்டினேன்.

நவம்பர் பதினைந்து, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி. ஹல் நகரத்து விளையாட்டு அரங்கம். லூயியின் குடியிருப்பிலிருந்து நான்கு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். சிப்ஸ் பொட்டலமும் பியருமாக இடம் தேடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் என்னைப் பார்த்து, "யோவ் பெருசு, பென்ஷன் ஆபீஸ் அந்தப் பக்கம்யா" என்று கத்தினான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. முப்பத்தெட்டு வயது, ஒன்பது வெற்றி, நூற்று நான்கு தோல்வி. இப்போது நூற்று ஐந்து.

தோற்பதுதான் என் வேலை. விலைபோனவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். "விழு" என்று ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லை. டோலன் போன்ற போட்டி நடத்துகிறவர்கள் ஒரு பையனைப் பெரிய ஆளாக்க நினைத்தால் கைக்குழந்தைக்கு ஊட்டுவது போலத்தான் செய்வார்கள். முதலில் என்னைப் போன்ற ஆட்கள்: நிற்கத் தெரியும், கீழே விழமாட்டோம், திருப்பி அடித்தாலும் வலிக்காது. அப்புறம் கொஞ்சம் அடிக்கத் தெரிந்தவன். அப்புறம் ஒருகாலத்தில் பட்டம் வைத்திருந்து இப்போது கால் ஓய்ந்துபோனவன். ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துப் பிசைந்து தருகிறவர் டோலனிடம் ஆள் பிடித்துக்கொடுக்கிற ரே டன்கெர்லி. யாருக்குத் தோள் நழுவும், யார் மூன்று ரவுண்டில் மூச்சு வாங்குவான், யார் போன வாரம் பெண்டாட்டியோடு சண்டை போட்டான், எல்லாம் அவருக்குத் தெரியும்.

சண்டை முடிந்து உடை மாற்றும் அறையில் கையில் சுற்றியிருந்த துணியைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். லூயி உள்ளே வந்தான். ஜெயித்த பையன்கள் பலர் வருவதில்லை; இவன் வளர்ப்பு அப்படி.

"தேங்க்ஸ் அண்ணே. நிறைய கத்துக்கிட்டேன்."

நான் எழுந்து அவனுடைய இடது பக்கம் போய் நின்றேன். ஒன்றும் பேசாமல் கையை நீட்டினேன், குலுக்குவதற்கு. அவன் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். கை நீட்டியபடி நின்றேன். அவன் தலையைத் திருப்பியபோது கையைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"எப்பலேருந்துடா?"

அவன் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "ஜூலைல. பயிற்சில ஒரு அடி. ஓரத்துல கருப்பா ஏதோ மிதக்குது, அவ்ளோதான். நடுவுல நல்லாத் தெரியுது."

"டாக்டர்கிட்ட?"

"கண் பரிசோதனை வருஷத்துக்கு ஒருதடவைதானே. எனக்கு ஏப்ரல்ல. மார்ச்ல பட்டத்துக்கு ஆடச் சொல்லியிருக்காரு டோலன். அதை முடிச்சிட்டு ஆபரேஷன் பண்ணிக்கறேன்." குரல் இறங்கியது. "அண்ணே, எங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஒரே ஒரு சண்டை. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அவன் அம்மா வெளியே யாரையோ கட்டிப்பிடித்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான், "சரி" என்றேன். இன்றுவரை அந்த ஒரு சொல்லை நான் எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மறுநாள் காலை டான்காஸ்டரில் நான் வேலை பார்க்கும் கிடங்குக்குப் பின்னால் நின்று ரேயைக் கூப்பிட்டேன். வாக்குக் கொடுத்தது உண்மைதான், ஆனால் ரே அந்தப் பையனைக் காப்பாற்றுகிறவர், அவரிடம் சொல்வது வாக்கை மீறுவதாகாது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

"ரே, லூயிக்கு இடது கண்ணு சரியில்ல."

அங்கே கெட்டில் கொதிக்கிற சத்தம் கேட்டது.

"ஏம்ப்பா கிரெய்க், அவனுக்கு எதிரா உன்னை எதுக்கு ரெண்டாவது தடவை கூப்பிட்டேன்னு நெனைக்கிறே? உன் மூஞ்சி அழகுக்கா?"

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"விட்னஸுக்கு அப்புறம் நீ வலது கையைத் தூக்கினதே இல்ல. செப்டம்பர்ல அவனுக்குக் குடுத்தவனுக்குத் தோள் பிரச்சனை. அக்டோபர்ல குடுத்தவன் இடது கையை மட்டும் நம்பறவன். யாரும் என்கிட்ட எதுவும் சொல்லல. நானா பாத்தேன், நானா பாத்துக்கறேன். என் வேலை அதானே."

"மார்ச்ல?"

"அந்த வேல்ஸ்காரன்கிட்டதான் பட்டம் இருக்கு. பட்டம் எங்க இருக்கோ அங்கதானே போகணும். அது நான் பொறுக்கி எடுக்கற ஆள் இல்ல."

அந்த வேல்ஸ்காரன் ஒன்பது பேரை வலது கையால் படுக்கவைத்தவன். இருவருக்கும் அது தெரியும்.

"டிசம்பர் ஒண்ணாந்தேதி ராதர்ஹாம்ல ஒரு மத்தியான ஆட்டம் இருக்கு," என்றார் ரே. "ஜனவரில ரெண்டு. எல்லாம் உனக்குத்தான் வச்சிருக்கேன். நல்லா ரெஸ்ட் எடு."

மிரட்டல் என்று சொல்ல முடியாது. அவர் குரலில் பிரியம்கூட இருந்தது. நான் நன்றி சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

என் மனைவி ஜெம்மா அந்த வாரம் இரண்டு தடவை கேட்டாள், "எங்கயாவது வலிக்குதா?" இல்லை என்றேன். சாப்பிடும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு உப்பு ஜாடியை எடுத்துப் பார்த்தேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராதர்ஹாமில் எனக்கு எதிரே நின்றவன் பத்தொன்பது வயது. மூன்றாவது ரவுண்டில் அவன் வலது கை புறப்படுவதைப் பார்த்தேன். தோள் இறங்கியது, முழங்கை விரிந்தது, எல்லாம் தெரிந்தது. பாதி விலகியும்விட்டேன். அப்படியும் அது நெற்றிப்பொட்டில் விழுந்தபோது கால் இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. கயிற்றைப் பிடித்து நின்றேன். நான் பார்த்த குத்து அது. பார்த்தே அப்படி.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு, எங்களுக்கு உரிமம் தருகிற அலுவலகத்தைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். பெயர் சொல்ல வேண்டியதில்லை என்றாள். என் பெயரையும் சொன்னேன், லூயியின் கண்ணைப் பற்றியும் சொன்னேன்.

புதன்கிழமை லூயியை டாக்டரிடம் அனுப்பினார்கள். அன்றைக்கே உரிமத்தை நிறுத்திவிட்டார்கள். விழித்திரை கழன்றிருந்தது, கிறிஸ்துமஸுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டு ஆபரேஷன். மார்ச் சண்டைக்கு டோலன் வேறு பையனைப் போட்டார். ரேயை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜனவரியில் எனக்கு வைத்திருந்த இரண்டு ஆட்டமும் வேறு யாருக்கோ போயின, அதன் பிறகு அவர் எண்ணிலிருந்து அழைப்பே இல்லை. லூயியின் அம்மா ஒருமுறை கூப்பிட்டாள். "நூறு தடவை தோத்தவன்டா நீ. உனக்கு வயிறெரிஞ்சுது, அதான்," என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். நான் கடைசிவரை கேட்டேன்.

பிப்ரவரி கடைசியில் வண்டி எடுத்துக்கொண்டு ஹல்லுக்குப் போனேன். லூயி ஒரு கேரவன் தொழிற்சாலையில் சேர்ந்திருப்பதாக அவனுடைய பயிற்சியாளர் சொல்லியிருந்தார். சாப்பாட்டு இடைவேளையில் வாசலில் காத்திருந்தேன். அவன் வெளியே வந்து என்னைப் பார்த்தான். திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தேன். வந்து சுவரோரம் என் பக்கத்தில் நின்றான், என்னைத் தன் வலது பக்கத்தில் வைத்துக்கொண்டு. உடம்பு போட்டிருந்தான். அம்மா கட்டிக்கொடுத்த சாண்ட்விச்சைப் பிரித்துப் பாதியை என்னிடம் நீட்டினான்.

"வெளிச்சம் தெரியுது. ஆள் தெரியல," என்றான், நான் கேட்பதற்கு முன்பே.

"நான் சொன்னதுல உனக்குக் கோவம் இருக்கும்."

"இருந்துச்சு." மென்று விழுங்கினான். "நீங்க ஆபீசுக்கு போன் பண்ணது எந்த நாளு?"

"டிசம்பர் ரெண்டு."

அவன் தலையசைத்தான்.

"எனக்குத் திரை விழுந்தது நவம்பர் இருபத்தொம்பது. வெள்ளிக்கிழமை, பயிற்சில. கறுப்புத் துணியை இழுத்து விட்ட மாதிரி. யார்கிட்டயும் சொல்லல. தானா சரியாயிடும்னு படுத்துட்டேன்." காகிதத்தை மடித்தான். "பார்வையோட நடுப்பகுதி போறதுக்கு முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க."

ஹல்லில் சண்டை போட்டது பதினைந்தாம் தேதி. நானும் கணக்குப் போட்டேன், அவனும் போட்டிருப்பான். பதினேழு நாள் என்று அவன் சொல்வான் என்று நின்றேன். சொல்லவில்லை.

"சொல்லாதீங்கன்னு நான்தானே கேட்டேன்," என்றான்.

"நீ சின்னப் பையன்டா. நீ கேப்பே. நான் கேட்டிருக்கக் கூடாது."

எதிர்ச்சாலையில் ஒரு நாய் போவதை இருவரும் பார்த்தோம். சங்கு ஊதியது. "வண்டிய பாத்து ஓட்டுங்கண்ணே, சாயங்காலம் மூடுபனி இறங்கும்," என்று சொல்லிவிட்டு நடந்தான்.

முற்றத்தில் கண்ணாடி பொருத்தாத கேரவன்கள் வரிசையாக நின்றன. அவன் நடுவே குறுக்காகப் போனான், கைகளைப் பாக்கெட்டில் விட்டபடி. இடது பக்கத்திலிருந்து ஒரு சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி, கதவுப் பலகைகளை அடுக்கிக்கொண்டு வேகமாக வந்தது. அவன் பெயரைச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தேன். ஓட்டியவன் ஹாரன் அடிக்கவில்லை. சத்தமில்லாமல் வண்டியை நிறுத்தி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான். லூயி தலை திருப்பாமல் அதன் முன்னால் கடந்து, கொட்டகையின் இருட்டுக்குள் போனான். அவன் போன பிறகும் வண்டி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தது.