நாற்பதுக்கு முப்பத்துநாலு

“நாப்பதுக்கு முப்பத்திநாலும்மா. நூறுக்கில்ல. எத்தினை தரம் சொல்லுற?”

“முப்பத்தஞ்சு எடுத்தாத்தானே பாஸ்? ஒண்டு குறைஞ்சு போச்செண்டதும் கதை விடுறாய்.”

வேலிக்கு இந்தப் பக்கம் நான் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரு கறிக்கு வேண்டிய இலை எப்போதோ ஆய்ந்தாயிற்று. பக்கத்து வீட்டு அன்னப்பூரணியும் மகள் கம்சாயினியும் வாய் கொடுத்தால் நான் இரண்டு கறிக்கு ஆய்வது வழக்கம். ஆனால் அன்றைய சண்டையைத் தொடக்கி வைத்தவளே நான்.

கம்சாயினி மட்டக்களப்பு டவுனில் ஆங்கில டிப்ளோமா படித்தாள். கடைசிச் சோதனை ஞாயிற்றுக்கிழமை. அதே ஞாயிறைத்தான் மாப்பிள்ளை வீட்டார் கலியாண எழுத்துக்கு, பதிவுக்கு, நாள் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளை உதயரூபன் கல்குடாப் பெடியன், கட்டாரில் வேலை. அவனுடைய லீவுக்குள் வேறு நல்ல நாள் இல்லை. கம்சாயினியின் தகப்பன் யோகராசா நியாயமாகத்தான் சொன்னார்: “பிள்ளை பாஸ் பண்ணுவாளெண்டா எழுத்தை அடுத்த லீவுக்குத் தள்ளுவம். பெயிலெண்டா என்னத்துக்கு நல்ல நாளை விடுற?”

சண்டைக்கு முந்தின வியாழக்கிழமை அவள் போனும் கையுமாக என்னிடம் ஓடி வந்தாள். “மாமி, அசைன்மென்ட் எல்லாம் சேத்து முப்பத்திநாலு!”

பள்ளிக்கூடக் கந்தோரில் இருபத்தாறு வருடம் புள்ளிப் பட்டியல் எழுதிப் பென்சன் எடுத்தவள் நான். முப்பத்தைந்துக்குக் கீழே எல்லாம் சிவப்புப் பேனைதான். முப்பத்துநாலுக்குச் சிரிக்கிற பிள்ளையை அதுவரை கண்டதில்லை. பாவம், கவலையை மறைக்கிறாள் என்று நினைத்து இரண்டு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினேன். எத்தனைக்கு என்று கேட்கவில்லை.

பொழுதுபட அன்னப்பூரணியிடம் போய், கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு சோதனை, சராசரி ஐம்பது வேண்டும், ஆகவே கூட்டுத்தொகை நூறு. அதில் முப்பத்துநாலு போனால் அறுபத்தாறு. “முப்பத்திநாலு எடுத்த புள்ள அறுபத்தாறு எடுக்குமா கா? நீயே யோசி.” வருகிற வழியில் இன்னும் இரண்டு வீட்டில் சொன்னேன். இரண்டே இரண்டு.

இப்போது வேலிக்கு அப்பால் கம்சாயினி விரல் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். “அசைன்மென்டுக்கு நாப்பது, சோதனைக்கு அறுபது. ரெண்டையும் கூட்டினாத்தான் நூறு. ஐம்பது வந்தாப் பாஸ். எனக்கு இன்னும் பதினாறு போதும். அறுபதுக்குப் பதினாறு, அம்மா. நித்திரையில எழுதினாலும் வரும்.”

என் கை முருங்கைக் கொப்பிலேயே நின்றுவிட்டது. முப்பத்துநாலும் பதினாறும் ஐம்பது. இதற்குக் கலண்டர் தாள்கூடத் தேவையில்லை.

“கண்ணகை அக்கா, நிக்கிறீங்களா?” என்று அன்னப்பூரணி வேலிக்கு வந்தாள். நான் எப்போது நிற்காமல் இருந்தேன்? “இவள் சொல்லுற கணக்குச் சரியா, நீங்க போட்டது சரியா?”

பின்னால் கம்சாயினி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமி சொல்லிவிடுவா என்ற முகம். எனக்கோ அந்த இரண்டு வீடும் இருபத்தாறு வருடமும் கண்ணுக்குள் வந்தன.

“இந்தக் காலத்துப் படிப்பு எனக்கென்ன விளங்கும் கா,” என்றேன். “நான் போட்டது நான் படிச்ச கணக்கு. பிழைக்காது.”

“கேட்டியா?” என்றாள் அன்னப்பூரணி.

கம்சாயினி என் பக்கம் திரும்பினாள். “சரி மாமி,” என்றாள். எனக்கு.

சனிக்கிழமை உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். முற்றத்தில் ஆட்கள் இருக்கக் கதிரைகள் வந்து இறங்கியிருந்தன. “நல்ல நேரம் வந்தீங்க” என்று வெற்றிலைத் தட்டத்தை என் மடியில் வைத்தார்கள். அடுக்கினேன். நான் வெற்றிலை அழகாக அடுக்குவேன்.

ஞாயிறு ஒன்பது மணிக்கு, டவுனில் சோதனை தொடங்கிய நேரம், அவள் கையெழுத்து வைத்தாள். பெண் பக்கத்துச் சாட்சிக்கு, எழுத்து வடிவாயிருக்கும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். வடிவாகத்தான் வைத்தேன்.

மாப்பிள்ளையின் அடுத்த லீவில், ஆவணியில் தாலி கட்டினார்கள். எங்கள் பக்கத்தில் கலியாணத்தோடு தாய் வீடு பெண்ணுக்குத்தானே. உதயரூபன் வந்து இருந்துவிட்டுக் கட்டாருக்குத் திரும்பினான். யோகராசாவும் அன்னப்பூரணியும் கொக்கட்டிச்சோலைப் பக்கம் தங்கள் வயல் வட்டைக்குக் கிட்ட ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விட்டார்கள். வேலிக்கு அப்பால் இப்போது கம்சாயினி மட்டும். இப்போதும் மாமி என்றுதான் கூப்பிடுகிறாள். மீன் வாங்கினால் எனக்கும் ஒரு பங்கு தருகிறாள். பேசாமல் இருந்தாலாவது எனக்கு நித்திரை வரும்.

போன கிழமை, என் பேரன் கணிதத்தில் அறுபத்திரண்டு எடுத்தான் என்று வாயை அடக்க முடியாமல் அவளிடம் சொன்னேன். சட்டி கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“எத்தினைக்கு மாமி?”

குத்திக் கேட்கவில்லை. சும்மாதான் கேட்டாள்.

வாற மாதம் நான் வாழைச்சேனைக்கு, மகள் வீட்டோடு போகிறேன். முழங்கால் வருத்தம் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன்.