வியாழக்கிழமைகளில் குறையும் ஓடை

ஷுரூக்கின் வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அல்லது போவதற்கு.

அதற்கு ஓட்டுப் போட ஓடைப் பாதுகாப்புச் சங்கத்தின் நிர்வாகக் குழு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. தலைவி லல்லா இஜ்ஜா, பொருளாளர் லஹ்சன், இன்று புதிதாகச் சேர்ந்த இருவர். ஒருவர் மோஹா வாத்தியார். மற்றவர் ஹாஜ் உப்ராஹிம், பள்ளத்தாக்கின் மேல்முனையில் ஆப்பிள் தோப்பு வைத்திருப்பவர்.

காசாபிளாங்காவில் நீரியல் படித்துவிட்டு, சங்க வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவள் ஷுரூக். வந்ததும் ஓடையில் நீர்மட்டக் கருவி பொருத்தினாள். அது வரைந்த கோடு இப்போது சுவரில் தெரிந்தது. ஆறு நாள் சமமாக ஓடி, வியாழனன்று மட்டும் பள்ளத்தில் விழுந்தது.

"வியாழக்கிழமை சந்தை," என்றார் லஹ்சன். "ஊரே கெளம்புது. ஓடையும் கூடப் போயிருக்கும்."

"பூமி சூடாகுதுன்னு ரேடியோல சொல்றாங்க," என்றார் ஹாஜ்.

"வாரத்துல ஒரு நாள் மட்டுமா?" என்றார் வாத்தியார்.

"நீங்க சந்தைக்கு வர்றதில்லையே ஹாஜ், எதாவது கண்ணுல பட்டுச்சா?" லல்லா இஜ்ஜா அப்பாவியாகக் கேட்டாள்.

"முட்டி வலி, லல்லா. வாசலத் தாண்ட முடியல."

ஷுரூக் தன் காலணியைப் பார்த்தாள். போன வியாழன் அவள் ஓடையோரமாக ஏறிப் போயிருந்தாள். தோப்புச் சுவருக்குப் பின்னால், சத்தம் வெளியே வராமலிருக்க மோட்டாரின் மேல் கம்பளங்களைப் போர்த்தி, அவற்றின் மேல் ஹாஜ் உட்கார்ந்திருந்தார். தாடி, தொப்பி, கையிலிருந்த தேநீர்க் கோப்பை எல்லாம் அதிர்ந்தன. "வா பிள்ளே," என்று நடுங்கும் குரலில் அழைத்து ஒரு பை ஆப்பிள் கொடுத்தார். மோட்டாரைப் பற்றி இருவருமே பேசவில்லை. ஆப்பிள் நன்றாக இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் தீர்த்துவிட்டாள்.

"காரணம் என்னம்மா?" என்றார் வாத்தியார்.

"இன்னும் ஆராயணும், சார்."

எல்லோரும் நிம்மதியடைவார்கள் என்று நினைத்தாள். மூன்று முகங்கள் தொங்கிப்போயின. ஹாஜ் மட்டும் ரொட்டியை எண்ணெயில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

தேநீர் ஆறிவிட்டது என்று சொல்லி லல்லா இஜ்ஜா அவளை அடுக்களைக்கு இழுத்துப் போனாள்.

"என்னடி ஆராயணும்? அவர் மோட்டார் மேல உக்காந்து ஆடுறத நீ பாக்கல?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். கீழூருக்கு வியாழன் முறைத் தண்ணி வந்து ரெண்டு வருஷமாச்சு."

"அப்ப நீங்க சொல்லலாமே?"

"அவர் என் புருஷனுக்குத் தாய்மாமன். லஹ்சனுக்குச் சம்பந்தி. வாத்தியார் அவர் வீட்டுல குடியிருக்கார். வீட்டுக்குப் போய்க் கேட்டா சாப்பிட வச்சு அனுப்பிடுறார். அதான் குழுவுல சேத்து நாற்காலில உக்கார வச்சோம். இனி சொல்ல ஒரு ஆள் வேணும். இங்க சொந்தமே இல்லாத ஆள்."

"அதுக்குத்தான் என்னை எடுத்தீங்களா? மதிப்பெண் பாத்து இல்லையா?"

"அதையும் பாத்தோம்," என்றாள் லல்லா இஜ்ஜா, மனசு நோகாதபடி.

"அவர் எனக்கு எதிரா ஓட்டுப் போட்டா?"

"வேல போச்சு. எல்லாரும் சம்மதிக்கணும்னு விதி. லஹ்சன் எழுதினது, அவனத்தான் ஒதைக்கணும்."

அவர்கள் சூடான தேநீரோடு திரும்பி வந்தபோது ஹாஜ் நல்ல மனநிலையில் இருந்தார்.

"காரணம் தெரியலன்னு எழுதிட்டு ஓட்டுக்குப் போவோம். பிள்ள கெட்டிக்காரி. எனக்குச் சம்மதம்." கையை உயர்த்தியும் விட்டார்.

லஹ்சனின் கை பாதி எழுந்து நின்றது. வாத்தியார் தன் கையை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டு ஷுரூக்கைப் பார்த்தார். அவள் தேநீரை அவசரமாக விழுங்கி நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

"கைய எறக்குங்க, ஹாஜ்," என்றாள்.

"ஏன் பிள்ளே?"

"காரணம் தெரியும். வியாழக்கிழமை ஓடைத் தண்ணிய எடுக்கிறது உங்க மோட்டார்தான்."