ஹவுட்டலா சொன்ன இடம்

காலை பத்து மணி ஆகிவிட்டால் ஆர்வோ ஹவுட்டலாவுக்குக் கையில் வேலை ஓடாது. தூண்டில் கயிறு பாதி கடலிலும் பாதி படகிலுமாகக் கிடந்தாலும் சரி, இழுக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு சுக்கான் அறைக்குள் போய், ஈரக் கையுறையைக் கழற்றி வைத்து, ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அஸ்டோரியாத் துறைமுகத்தில் சங்கமாகச் சேர்ந்திருந்த ஏழு படகுகளும் அந்த நேரத்தில் வரிசையாக, எங்கே நிற்கிறோம், எவ்வளவு பிடித்தோம், மஞ்சள்கண் மீன் எத்தனை என்று சொல்ல வேண்டும். அது சங்கத்து விதி. ஆர்வோவின் முறை மூன்றாவது. ஐந்தாவதாக, தன் படகின் பேரைச் சொல்லிக்கொண்டு வருவது அவருடைய தம்பி ரெய்னோவின் குரல்.

"கரோல் டீ. தெற்குச் சரிவு. கருங்காட் எண்ணூறு பவுண்டு. மஞ்சள்கண் இல்ல."

ஆறு வருஷமாகத் தம்பி குரலை ஆர்வோ கேட்பது இப்படித்தான். அந்த நாலு துண்டு வாக்கியத்தை வைத்துக்கொண்டே அவனுக்குச் சளி பிடித்திருக்கிறதா, ராத்திரி தூங்கினானா, யார் மேலாவது எரிச்சலா என்று அவரால் சொல்லிவிட முடியும். அவனிடமே கேட்கத்தான் வழியில்லை. அவர் பேர் சொன்னால் ரெய்னோ ரேடியோவை அணைத்துவிடுவான் என்பது துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

மஞ்சள்கண் என்பது ஒரு பாறை மீன். செம்மஞ்சள் உடம்பு, முட்டைக்கரு நிறத்தில் கண். நூறு வயசு வரைக்கும் இருக்கும். குட்டி போடத் தொடங்கவே இருபது வருஷம் எடுத்துக்கொள்ளும். முந்தைய தலைமுறை கண்மண் தெரியாமல் வாரியதில் ஏறக்குறைய தீர்ந்தே போய்விட்டது. அதனால் சர்க்கார் வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று கைப்பிடி அளவு வைத்திருந்தது. இந்தப் படகுகள் தேடிப் போவது நல்ல விலை போகும் கருங்காட் மீனை. மஞ்சள்கண் வேண்டாத விருந்தாளி மாதிரி அதே தூண்டிலில் தானாக வந்து மாட்டும். திருப்பி எறியவும் கூடாது. கரைக்குக் கொண்டுவந்து நிறுத்துக் காட்ட வேண்டும். ஏழு படகுக்காரர்களும் தங்கள் மஞ்சள்கண் பங்கை ஒன்றாகப் போட்டு வைத்திருந்தார்கள். அந்த மொத்தம் தீர்ந்துவிட்டால், கருங்காட் எத்தனை ஆயிரம் பவுண்டு பாக்கி இருந்தாலும் ஏழு படகும் ஜனவரி ஒன்று வரை கரையில்தான் கிடக்கும்.

அக்டோபர் இருபத்துநாலாம் தேதி அந்த மொத்தத்தில் மிச்சம் இருந்தது நூற்றைம்பது பவுண்டு. விலைக்கு வாங்கலாம் என்றால் அந்தக் கடற்கரை முழுக்க யாரிடமும் மீதி இல்லை. ஆர்வோ தன் கருங்காட்டை அநேகமாக முடித்திருந்தார். ரெய்னோவுக்குப் பாதிக்கு மேல் பாக்கி. அவன் படகின் இயந்திரம் கோடை முழுக்கப் பழுதாகிக் கிடந்ததில் வந்த வினை. சங்கத்து மேலாளர் டோரீன் வாரக் கடைசியில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று படிக்கும்போது, ஆர்வோ தன்னுடையதைக் கூடச் சரியாகக் கேட்டதில்லை. தம்பியுடையதைத்தான் கேட்பார்.

அண்ணன் தம்பி சண்டையும் பங்கினால் வந்ததுதான். ஆர்வோவின் படகு 'லெம்பி' அப்பாவுடையது. அப்பா போன பிறகு அண்ணனும் தம்பியும் சேர்ந்து அதில் போனார்கள். உரிமம் மட்டும் மூத்தவர் பேரில் இருந்தது. பிறகு சர்க்கார் மீன்பிடிப் பங்குகளைப் பிரித்துக் கொடுத்தது. எந்தப் படகு முன்பு எவ்வளவு பிடித்தது என்று பார்த்து, உரிமம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கே கொடுத்தது. இருபத்திரண்டு வருஷம் அதே படகில் கயிறு இழுத்த ரெய்னோவின் கைக்கு ஒரு மீன் வால்கூட எழுதப்படவில்லை.

"பேர் யாரோடதா இருந்தா என்னடா? பாதி உன்னுது" என்றார் ஆர்வோ.

சொன்னபோது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். பாதியை மாற்றிக் கொடுக்கும் காகிதம் கைக்கு வந்ததும் கையெழுத்துப் போட மனசு வரவில்லை. இந்த வருஷம் போகட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இரண்டு தடவை தள்ளினார். மூன்றாவது தடவை ரெய்னோ கேட்கவில்லை. தன் மழைக்கோட்டையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். ஒரு பழைய படகை வாங்கி, கடலுக்கே போகாத எவனோ ஒருவனின் பங்கைக் குத்தகைக்கு எடுத்துப் பிடிக்க ஆரம்பித்தான். ஆர்வோ செய்தது அநியாயம். அது அவருக்கும் தெரியும். ஒப்புக்கொண்டு சொல்ல எதிரில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வேலைக்கு வந்த பையன்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்ட பிறகு லெம்பியில் அவர் மட்டும்தான். அவரும், தளத்தைப் பார்த்தபடி சர்க்கார் மாட்டிவைத்த கேமராவும். பிடித்த ஒவ்வொரு மீனையும் அதற்குத் தூக்கிக் காட்ட வேண்டும். சில மாதம் கழித்து எங்கேயோ ஓர் அலுவலகத்தில் யாரோ உட்கார்ந்து பார்ப்பார்களாம். ஆர்வோ அதற்குக் காலையில் வணக்கம் சொல்லுவார்; பிஸ்கட் தின்றால் ஒன்றை நீட்டிவிட்டுத் தின்பார். அது ஒன்றும் வேடிக்கைக்காக அல்ல. நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்தால் பத்து மணிக்குக் குரல் எழும்பாது.

அன்றைக்கு அவர் கயிறு போட்டது சவுனாப் பாறைக்கு மேற்கே, சரிவில். சவுனா என்பது அப்பா வைத்த பேர். வரைபடத்தில் அதற்கு ஒரு பேரும் கிடையாது. ராத்திரி நீரோட்டம் திரும்பி, கயிற்றை இழுத்துக்கொண்டு போய்ப் பாறை மேலேயே படுக்க வைத்துவிட்டது. காலையில் முதல் மஞ்சள்கண் வந்தபோது ஆர்வோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். ஐந்தாவதுக்குப் பிறகு எண்ண மட்டும் செய்தார். பதினாலு வந்தன. எல்லாம் வயிறு ஊதி, கண் பிதுங்கி, அவரைவிட மூத்தவையாக இருக்கக்கூடிய பெரிய மீன்கள். கேமராவுக்கு ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். எண்பது பவுண்டு இருக்கும். மொத்தத்தில் இனி எழுபதுதான் மிச்சம். இன்னொருவர் கயிறு இந்தப் பாறையில் விழுந்தால் வருஷம் முடிந்தது.

மீனை மறைக்க முடியாது. இடத்தை மறைக்கலாம். மீன் ஏறிய இடம் கேமராப் பெட்டியில் பதிவாகும்தான், ஆனால் அதைப் பிரித்துப் பார்க்க வசந்த காலம் ஆகிவிடும். மற்ற படகுகளின் திரையில் தெரிவது படகு இப்போது நிற்கும் புள்ளி மட்டும்; கயிறு எங்கே கிடந்தது என்பதற்கு ரேடியோவில் சொல்வதுதான் கணக்கு. கடலில் இடத்தை உண்மையாகச் சொல்பவனை அந்த ஊரில் யாரும் மதித்ததில்லை. அதிலும் ஹவுட்டலா குடும்பம் பேர் போனது. அப்பா படகின் அடியறை நிறைய மீனை வைத்துக்கொண்டு "இங்க வெறும் நாய்ச்சுறாதான், வந்து வலையக் கிழிச்சுக்காதீங்க" என்று ரேடியோவில் அழுவார். தொட்டிலிலிருந்தே அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இரண்டு பிள்ளைகளும்.

ரெய்னோ எட்டு மைலுக்குத் தெற்கே இருந்தான். வடக்கே நகர்ந்தால் அவன் வழியில் சவுனாதான். ஆர்வோ கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகத் தம்பிக்குக் கொடுக்க அவரிடம் ஒன்று இருந்தது. அதை வாங்க அவன் பேச வேண்டியதில்லை, காது இருந்தால் போதும். அந்த நினைப்பில் அவருக்குச் சந்தோஷமாகக் கூட இருந்தது.

"லெம்பி" என்றார் பத்து மணிக்கு. "சவுனாப் பாறை. மஞ்சள்கண் பதினாலு, எண்பது பவுண்டு வரும். பாறையச் சுத்தி ரெண்டு மைலுக்கு யாரும் கயிறு போடாதீங்க."

வடக்கே வெகுதூரத்தில் இருந்த இன்னொரு படகுக்காரர் மெக்கிட்ரிக்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏம்ப்பா ஆர்வோ, உங்கப்பன் வராதேன்னு சொன்ன எடத்துக்கெல்லாம் போய்த்தான் எங்கப்பன் வீடு கட்டினாரு. இப்ப நீயும் ஆரம்பிச்சுட்டியா?"

"வெளையாட்டு வேணாம் மெக்கிட்ரிக்" என்றார் டோரீன் கரையிலிருந்து. "ஆர்வோ, அம்பது பவுண்டுக்கு மேல போனா கரைக்கு வந்து நிறுக்கணும். கெளம்பிடுங்க. நிறுத்த பெறகு அந்த எடத்த வரைபடத்துல செவப்பு போடுறேன்."

ஐந்தாவதாக ரெய்னோ தன் எண்களை மட்டும் சொன்னான்.

ஆர்வோ படகைத் திருப்பினார். ஒரு மணி நேரம் போயிருக்கும். சுக்கானுக்கு மேலே இருந்த திரையில் கரோல் டீயின் புள்ளி நகருவதைப் பார்த்தார். வடக்கே வந்துகொண்டிருந்தது. சரி, பாறையைத் தாண்டிப் போகிறான் என்று நினைத்தார். புள்ளி தாண்டவில்லை. சவுனா மேலேயே வேகம் குறைந்து நின்றது.

ஆர்வோ ஒலிவாங்கியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"ரெய்னோ. நான்தான். அங்க போடாத."

அணைத்துவிடுவான் என்று எதிர்பார்த்தார். அணைக்கவில்லை.

"அடடே!" என்றது தம்பியின் குரல். "அண்ணன் வாயத் தொறந்துட்டாரு. ஆத்தா செத்ததுக்கு ஒரு வார்த்த பேசல, என் பொண்ணு கல்யாணத்துக்குப் பேசல. ஒரு பாறைக்குப் பேசுறாரு. அப்ப பாறைக்கு அடில எவ்வளவு கருங்காட் வெச்சிருக்க?"

"மஞ்சள்கண்டா! கயிறு முழுக்க அதான் வந்துது. பதினாலு."

"மீன் நெசந்தான். நீ பதினாலு புடிச்சிருப்ப. எங்க புடிச்ச? வேற எங்கயோ புடிச்சுட்டு சவுனா பேரச் சொன்னா ஒரு பய வரமாட்டான், இங்க இருக்குற கருங்காட்ட நாளைக்கி வந்து நீயே அள்ளிக்கலாம். அப்பா பண்ணது தானே? நானும் அவரு புள்ளதான்."

"ரெய்னோ, சத்தியமா சொல்றேன்."

"நீ சத்தியம் வேற பண்றியா" என்று சொல்லிவிட்டு அவன் அணைத்தான்.

ஆர்வோ டோரீனைக் கூப்பிட்டார். இன்னும் சிவப்புப் போடாத இடத்தில் கயிறு போடாதே என்று அவரால் சொல்லத்தான் முடியும், தடுக்க முடியாது. அவரும் சொன்னார்.

மூன்று மணிக்கு ஆர்வோ துறைமுகத்தில் மீனை இறக்கி நிறுத்தார். எண்பத்திரண்டு பவுண்டு. வீட்டுக்குப் போகாமல் படகிலேயே உட்கார்ந்து ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி போட்டார், குடிக்க மறந்தார். அந்தப் பாறை தன்னைப் பொய்யனாக்கிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். கயிறு நிறையக் கருங்காட் வரட்டும். என்னைப் பார்த்து அவன் ஊர் முழுக்கச் சிரிக்கட்டும்.

ஐந்து மணிக்குக் குரல் வந்தது.

"கரோல் டீ." என்றான் ரெய்னோ. "சவுனா. மஞ்சள்கண் நாப்பத்தொண்ணு. பாதிக் கயிறு இன்னும் தண்ணிலதான் இருக்கு."

அடுத்த ஐந்து நிமிஷம் மற்ற படகுகள் வாய்க்கு வந்தபடி ஏசியதை இங்கே எழுத முடியாது. எல்லாம் ஓய்ந்த பிறகு டோரீன் பேசினார். அழுதிருப்பார் போல இருந்தது.

"எல்லாரும் கயித்த எடுத்துட்டு வந்துடுங்க. இந்த வருஷம் முடிஞ்சுது. காலைல கூப்பிட வேணாம். ஜனவரில பாப்போம்."

ஒவ்வொரு படகாக ரேடியோவை விட்டுப் போயின. ஆர்வோ போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ரெய்னோ கேட்டான்.

"ஆர்வோ. இருக்கியா?"

"இருக்கேன்."

"நீ நெசமாவே நெசத்தத்தான் சொன்னியா?"

"ஆமா."

"ஏன்?"

"ஒனக்குத்தான் நெறைய பாக்கி இருந்துது. நீ போய் அதுல மாட்டக் கூடாதுன்னுதான்."

அந்தப் பக்கம் இழுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மிச்சக் கயிற்றையும் எடுத்தாக வேண்டும். அதில் வருவதையும் கரைக்குக் கொண்டுவந்தாக வேண்டும்.

"உனக்குத்தான் சொல்றேன்னு காலைலயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

"மாட்டேன்" என்றான் ரெய்னோ. கோபமே இல்லாமல், மீன் எண்ணிக்கை சொல்வது போலத்தான் சொன்னான். "பாதி உன்னுதுன்னு சொன்னியே, அத நம்பினேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

ஆர்வோ ஒலிவாங்கியை அழுத்தினார். இப்போதே கையெழுத்துப் போடுகிறேன், நாளைக்கே வா என்று சொல்லத்தான் அழுத்தினார். வாயில் வந்து நின்றது அந்தப் பழைய வாக்கியமேதான். அதை இன்னொரு தடவை சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. விரலை எடுத்தபோது அந்தப் பக்கம் யாரும் இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் கட்டிக் கிடந்த படகுக்கு வந்து ரேடியோவைப் போட்டுப் பார்த்தார். வானிலை அறிக்கை மட்டும் ஓடியது. ஜனவரி ஒன்றுக்கு அறுபத்தெட்டு நாள் இருந்தது.