தலைதிவசத்துக்கு முன்னால் ஒரு மலை

அப்பா போய் ஏழு மாதம் ஆகிறது. ஒரு வருஷம் முடிந்து தலைதிவசம் ஆகும்வரை அம்மா மலை ஏறக்கூடாதாம். எந்த மலையும். சட்டத்தைப் போட்டவர் சென்னை பாடியில் இருக்கும் சுப்பராயன் சித்தப்பா, அப்பாவின் தம்பி. அதே சித்தப்பா போன மாதம் ஊட்டிக்குப் போய்வந்தார். கேட்டால், "அது ஆபீஸ் டூரு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றைக்கே ஏலகிரியில் மரத்துமேல் கட்டின வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். அப்பாவின் ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு பருத்திப்பட்டில் என் ஃப்ளாட்டுக்கு வந்ததிலிருந்து, ஏரியைப் பார்த்த ஜன்னலே கதி என்று கிடந்தாள் அம்மா. "வரியா?" என்றேன். "சித்தப்பா என்ன சொல்வாரோ" என்றாள். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

சனிக்கிழமை காலை நான், அம்மா, என் மகள் காவ்யா மூவரும் காரில் கிளம்பினோம். பூந்தமல்லி தாண்டியதுமே காவ்யாவுக்குப் பசி. ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால் ஒரு புளியமரத்தடியில் ஜமக்காளம் விரித்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும். ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றில் அதிசயமாகத் தண்ணீர் ஓடியது. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவே இல்லை. போட்டோ எடுத்து, "ஏலகிரி போறோம்" என்று ஸ்டேட்டஸ் வைத்தேன். சித்தப்பா பார்க்கட்டும் என்றேதான் வைத்தேன்.

பார்த்துவிட்டார். மலையடிவாரத்தில் போன் வந்தது. கார் ஸ்பீக்கரில் அவர் குரல் இரைந்தது.

"இன்னா எழிலு, அண்ணிய எங்க இட்டுனு போய்கினு கீறே? அண்ணன் செத்து வருசம்கூட ஆவல."

"நீங்க ஊட்டிக்குப் போனீங்களே சித்தப்பா?"

"ஆம்பளயும் பொம்பளயும் ஒண்ணா? கொள்ளி வெச்சவன் நானு. மலைமேல கால வெச்சீங்க, தலைதிவசத்துக்கு நான் வரமாட்டேன். உங்கப்பனுக்குப் பிண்டம் வெக்க நாதியில்லாம போவட்டும்."

வைத்துவிட்டார்.

நான் ஒரே பெண். அவரை விட்டால் எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை கிடையாது. திவசம், சாங்கியம் எதையும் நான் நம்புகிறவள் இல்லை. ஆனால் அம்மா நம்புகிறாள். என் வீம்புக்கு அவள் நிம்மதியைப் பணயம் வைக்க நான் யார்? பின்னால் குழந்தை இருப்பதையும் மறந்து சித்தப்பாவைக் கண்டபடி திட்டினேன். பிறகு அழுதுகொண்டே ரிவர்ஸ் கியர் போட்டேன்.

"எதுக்குடி திருப்புறே?" என்றாள் அம்மா.

"அவர் வரலேன்னா அப்பாவுக்கு யாரும்மா செய்வாங்க?"

அம்மா தன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அவளே அவரைக் கூப்பிட்டாள். "தம்பி, நீங்க வர வேணாம். எழில் செய்வா."

"பொட்டப்புள்ள பிண்டம் வெச்சா எவன் அண்ணி ஒத்துக்குவான்?"

"உங்க அண்ணன் ஒத்துக்குவாரு. ஆஸ்பத்திரியில அவருக்குக் கஞ்சி ஊட்டினது இவதான். கடைசி வாய் வரைக்கும் இவ கையாலதான் வாங்கிக்கிட்டாரு. இப்ப மட்டும் வேணாம்பாரா?"

அம்மா போனைப் பைக்குள் போட்டாள். "ஏத்து வண்டிய" என்றாள்.

மரவீட்டுக்குச் செங்குத்தான ஏணி. காவலாளி கீழே ஓர் அறை தருவதாகச் சொன்னார். "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அம்மா முதல் ஆளாக ஏறினாள்.

மேலே ஜன்னலுக்கு வெளியே ஒரு கிளை நீண்டிருந்தது. கொண்டுவந்த புளிசாதத்தில் ஒரு கவளத்தை இலைக்கிழிசலில் வைத்து என்னிடம் நீட்டினாள். "நீ வை. உங்கப்பாவுக்கு. இப்பவே பழகிக்கோ."

கிளையில் வைத்தேன். காக்காயைக் கூப்பிடணுமே. தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடிவரைக்கும் கேட்கட்டும் என்று, கா கா எனக் கத்தினேன்.