பாலாம்பிகா டாக்கீஸின் குழந்தை அறை

பாலாம்பிகா டாக்கீஸை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தியை ஷ்ரேயாஸ்தான் கொண்டுவந்தான். விவேக் நகர்ப் பக்கம் யாரையோ பார்க்கப் போயிருந்தானாம். சுற்றிலும் பச்சைத் தகரம் அடித்து, வரப்போகும் அடுக்குமாடியின் படத்தை அதன்மேல் ஒட்டியிருக்கிறார்கள் என்றான்.

"உன் தியேட்டர் போச்சும்மா. அங்க எத்தனை படம் பாத்திருப்பே? பாட்டி சொல்லுவாளே, சனிக்கிழமையானா உனக்குக் கால் தரையில நிக்காதுன்னு."

எங்கள் வீட்டில் இது பழைய கேலி. மருமகள் ஸ்ரீரஞ்சனியும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். என் கணவர் மட்டும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பிசைந்து முடித்த மோர்சாதத்தை மறுபடி பிசைந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை காபியைக் கொடுக்கும்போது, "எனக்கு அங்க ஒரு தடவை போகணும்" என்றேன்.

"எங்க?"

"பாலாம்பிகாவுக்கு."

"மூடிப் பல வருஷம் ஆச்சே. அங்க என்ன இருக்கு?"

"இருக்கறதுக்குள்ள பாக்கணும்."

அவர் பேப்பரை மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டார். எங்களுக்குப் பேசாமலிருப்பது நன்றாக வரும். வைட்ஃபீல்டின் இந்த ஒன்பதாவது மாடியில், நான் ஜன்னலோரம் ஒரு புத்தகத்தோடும் அவர் எதிரே கண்ணை மூடியபடியும், காலை முழுவதும் ஒரு சொல் இல்லாமல் கழிந்துவிடும். பார்க்கிறவர்கள் ஒற்றுமையான தம்பதி என்று சொல்வார்கள். பொய் என்றும் சொல்ல முடியாது.

"நானும் வரேன்" என்றார், வெகுநேரம் கழித்து.

அவரைக் கூப்பிடத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவராகச் சொன்னதும் எனக்குப் பயமாக இருந்தது. அந்தத் தியேட்டருக்குள் அவர் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை.

எங்களுக்கு முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நிருபமா. அப்போது விவேக் நகரில் வாடகைக்கு இருந்தோம். அவருக்கு மாநில அரசின் பொதுப்பணித் துறையில் வேலை. ஆண்டு நிறைவு ஆகும்வரை குழந்தையைப் போட்டோ எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். எடுத்தால் ஆயுசு குறையும் என்பார்கள். அவர் அலுவலக நண்பர் ஒருவர் காமிராவோடு வந்தபோது, மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். ஆண்டு நிறைவன்று ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்று சிவப்புப் பட்டில் ஒரு பாவாடை தைத்து வைத்திருந்தோம். அந்த நாள் வரவில்லை. மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல், அவ்வளவுதான்.

அத்தனை சிறு குழந்தையைத் தகனம் செய்வதில்லை, புதைப்பார்கள். அதற்குக் காரியமும் கிடையாது, வருஷா வருஷம் திதியும் கிடையாது. அவர் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து குளித்தார். மாமியார் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பச்சைக் குழந்தைக்கு வாய்விட்டு அழப்படாது. அடுத்தது தங்காது" என்றார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. கெட்டெண்ணத்தில் சொன்னதில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் நிருபமா என்ற பெயரை யாரும் சொல்லவில்லை. படமும் இல்லை, நாளும் இல்லை, பெயரும் இல்லை. அப்படி ஒருத்தி இருந்தாளா என்று எனக்கே சில சமயம் சந்தேகம் வந்திருக்கிறது.

பிறகு, நிருபமாவைத் தூக்கிக்கொண்டு போய்வந்த அதே சனிக்கிழமை மேட்னிக்கு நான் மறுபடி போக ஆரம்பித்தேன்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் கூட்டமாகப் போவார்கள். மாமியார், "போயிட்டு வரட்டும், மனசு மாறும்" என்றார். அப்படிப் போய் முதல் தடவை நான் திரும்பி வந்தபோது என் கணவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிராமல், "படம் நன்னா இருந்ததா?" என்று கேட்டார்.

"நன்னா இருந்தது" என்றேன்.

குழந்தை போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவர் கேட்டது கேள்வி இல்லை என்பது எனக்குத் தெரியும். என் பதில் பதில் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஷ்ரேயாஸ் வயிற்றில் வரும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். அவர் மறுபடி கேட்கவே இல்லை. இத்தனை வருடமும் அந்த வாசலிலேயே நாங்கள் நின்றுவிட்டோம் என்று தோன்றும்.

சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொல்ல நினைத்த போதெல்லாம், அந்த இடத்தைப் பார்த்திராத ஒருவருக்கு அது வெறும் சமாதானமாகத்தான் படும் என்று விட்டுவிட்டேன். இடம் இருக்கிறதே, ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டலாம் என்று எங்கோ ஒரு நம்பிக்கை. இப்போது இடமே போகப் போகிறது.

மெட்ரோவில் டிரினிட்டி ஸ்டேஷன்வரை வந்து ஆட்டோ பிடித்தோம். வழியில் ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியபோது அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "ஸ்வல்ப நிதானவாகி ஹோகப்பா" என்று, கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லி ஓட்டுநரிடம் கன்னடத்தில் கெஞ்சினார். பிறகு கையை எடுக்க மறந்துவிட்டார்.

தகர வேலியில் ஒரு சின்னக் கதவு இருந்தது. அதன் பக்கத்தில் காவலுக்கு நின்றவன் உள்ளே விட முடியாது என்றான். நாற்பது வயதிருக்கும்.

"இடிக்கற எடம் சார். தலையில எதுனா விழுந்தா என்னைத்தான் கேப்பாங்க."

"யார்ரா சுனிலு?" என்று வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

குரல்தான் முதலில் எனக்கு அடையாளம் தெரிந்தது. டிக்கெட் வரிசையில் இடித்துக்கொண்டு நிற்கும் பெண்களை ஒரே அதட்டில் நேராக்கும் குரல். பாஞ்சாலி. பெண்கள் பக்கத்துக் கதவில் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். உடம்பு வற்றியிருந்தது, முன்கையில் பச்சை குத்திய தேள் மட்டும் அப்படியே இருந்தது. சுனில் அவள் மகனாம்.

"என்னைத் தெரியறதா?" என்றேன்.

"தெர்லியே. நீ யாரு?"

"கொழந்தை ரூம்ல உக்காருவேன். நீங்கதான் என் பொண்ணுக்குத் தூளி கட்டிக் குடுப்பேள்."

பாஞ்சாலி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "எத்தினியோ பேருக்குக் கட்டினேன்…" என்று இழுத்தவள், சட்டென்று தன் காதை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். "அய்யே! காதுப் பாப்பாவோட அம்மாவா நீ? தூங்கசொல்ல காத இப்பிடிப் புடிச்சிக்குமே ஒரு கொழந்த. எவனோ திருடிகினு பூடுவான்ற மாதிரி."

"எடது காது" என்றார் அவர்.

திரும்பிப் பார்த்தேன். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பாஞ்சாலி வலது காதைப் பிடித்திருந்தாள். அதைத் திருத்துகிறவர்போல், தன் இடது காதைத் தொட்டுக்காட்டி இன்னொரு தடவை சொன்னார். "எடது. எப்பவும் எடதுதான்."

பாஞ்சாலி கையை மாற்றிக்கொண்டாள். "ஆமா சார். சரிதான்."

அப்புறம் மகனை ஒரு பார்வை பார்த்தாள். சுனில் கதவைத் திறந்துவிட்டான். "கண்ட்ராக்டர் வர நேரம்மா. சீக்கிரம் பாத்துட்டு வந்துடச் சொல்லு."

"வரட்டும். வந்தா நான் பேசிக்கறேன். இவன் பெரிய கலெக்டரு."

உள்ளே நாற்காலிகளை எல்லாம் பெயர்த்து எடுத்துவிட்டிருந்தார்கள். சரிந்து இறங்கும் வெறும் தரை. அதில் வரிசை வரிசையாகப் போல்ட் துளைகள். கூரையில் உடைந்த இடத்திலிருந்து வெயில் ஒரு தூணைப் போல விழுந்துகொண்டிருந்தது. மேலே புறாக்கள். திரையைக் கழற்றிவிட்டதால் சுண்ணாம்புச் சுவர் தெரிந்தது. இவ்வளவு சின்னச் சுவரா என்று இருந்தது.

குழந்தை அறை அப்படியே இருந்தது. பெண்கள் பக்கத்தின் கடைசியில், பின்சுவரை ஒட்டி, முன்பக்கம் முழுக்கத் தடித்த கண்ணாடி. குழந்தை அழுதால் படம் பார்க்கிறவர்களுக்குத் தொந்தரவு கூடாது என்று முதலாளி கட்டிவைத்தது. உள்ளே ஒரு நீள பெஞ்சு, படத்தின் சத்தம் வர மூலையில் ஒரு பெட்டி, உத்தரத்தில் புடவையைக் கட்டித் தூளி போட வரிசையாக இரும்புக் கொக்கிகள். கதவைச் சாத்திவிட்டால் எத்தனை குழந்தை வீறிட்டாலும் வெளியே ஒரு முனகல்கூடக் கேட்காது. ஹாலிலிருந்து திரும்பிப் பார்த்தால் வாய்கள் அசைவது மட்டும் தெரியும்.

"இங்கதான்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்த வார்த்தைகள் எங்கோ போய்விட்டன.

பாஞ்சாலிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு அவரிடமே பேசினாள்.

"கொழந்த பூட்டப்புறமும் இந்தம்மா வாரா வாரம் வரும் சார். வெறுங்கையோட. மொத நாளு, இன்னாம்மா பாப்பா எங்கன்னு கேட்டுட்டேன். என் வாய்ல மண்ணப் போட. உள்ள போயி கதவச் சாத்திகினு அழுவுது பாரு, அப்பிடி ஒரு அழுக. சத்தம் வர்ல. வாயி மட்டும் தெரியுது. அப்பறம் நான் இன்னா பண்ணுவேன்? சனிக்கெழம ஆனா கதவுக்கு வெளிய ஸ்டூலப் போட்டுகினு குந்திக்குவேன். கொழந்தய எடுத்துகினு வர்றவளுங்களையெல்லாம், உள்ள ஃபேன் ரிப்பேரு, மேல பால்கனிக்குப் போன்னு தொரத்திடுவேன். மேனேஜரு ஒருநா, இன்னா பாஞ்சாலி, ஃபேனு வருசம் பூரா ரிப்பேரான்னு கேட்டாரு. ஆமா சார், உங்க தியேட்டரு லச்சணம் அதுன்னேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த ஸ்டூல் எனக்குத் தெரியும். கண்ணாடிக் கதவின் கீழ்ப்பாதியில் ஒரு பெண்ணின் முதுகு தெரியும். ஓய்வெடுக்கிறாள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

அவர் அசையாமல் நின்றார். புறா ஒன்று இறங்கி, போல்ட் துளைகளுக்கு நடுவில் நடந்துபோயிற்று.

"படம்…" என்றார் என்னிடம். "அப்போ படமெல்லாம்?"

"ஒரு படமும் பாக்கலை. ஒண்ணோட கதைகூட எனக்குத் தெரியாது."

"நன்னா இருந்ததுன்னியே."

"நீங்க கேட்டேள். சொன்னேன்."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். ஏதோ கணக்கில் பிசகு எங்கே என்று கண்டுகொண்ட மனிதர்போல் இருந்தது முகம். ஆனால் கோபமும் இல்லை, நிம்மதியும் இல்லை. நான் எதிர்பார்த்தது என்னவென்று எனக்கே தெரியவில்லை. சொல்லியாகிவிட்டது, நான் சொல்லாமலே. பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி எதுவும் ஆகவில்லை.

"கதவு திறக்குமா?" என்று பாஞ்சாலியிடம் கேட்டார்.

அவள் தோளால் முட்டித் தள்ளினாள். கீல் கிரீச்சிட்டது. அவர் செருப்பை வெளியில் கழற்றிவிட்டு உள்ளே போனார். நானும் ஓர் அடி எடுத்துவைத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் நான் நின்றுவிட்டேன். கதவை அவரே உள்ளிருந்து சாத்திக்கொண்டார்.

கண்ணாடியில் தூசி படிந்திருந்தது. அதன் வழியாக அவர் ஒரு நிழல்போலத் தெரிந்தார். பெஞ்சைத் தடவிப் பார்த்தார், உட்காரவில்லை. மேலே பார்த்தார். அவர் உயரமானவர், கையைத் தூக்கியதும் கொக்கி எட்டியது.

"எந்தக் கொக்கி?" என்று கேட்பதுபோல் என் பக்கம் பார்த்தார். நான் விரலால் காட்டினேன். சுவரோரம் கடைசி. அங்கே நகர்ந்து அதைப் பிடித்துக்கொண்டார். கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிறவரைப் போல, ஒரு கையை உயர்த்தியபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு தோள்கள் அசைய ஆரம்பித்தன. தலை சற்றுத் திரும்பியபோது வாய் திறந்திருப்பது தெரிந்தது. ஏதோ சொல்கிறார், அல்லது கூப்பிடுகிறார். என்ன என்று உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியும். நான் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, வெறும் சுவரைப் பார்த்தபடி நின்றேன். எனக்கு அங்கே கிடைத்தது அவருக்கும் கிடைக்க வேண்டும்.

ஒரு சத்தமும் வரவில்லை. பாஞ்சாலி எங்கிருந்தோ ஒரு பெரிய கல்லை உருட்டிக்கொண்டு வந்து, கதவுக்கு முன்னால் போட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

வாசலிலிருந்து சுனில் குரல் கொடுத்தான். "யம்மா! கண்ட்ராக்டர் வண்டி வந்துடுச்சு. அனுப்பிச்சிட்டியா இல்லியா?"

"இர்ரா" என்றாள் பாஞ்சாலி, திரும்பாமல். "உள்ள ஆள் கீது."