எர்த் வயர்

வண்டி ரவுண்டானா நடுவில் நின்றுபோயிருந்தது. பல் டாக்டர் க்ளட்ச்சை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். நாலு பக்கமும் ஹாரன்.

“பதறாதீங்க சார், யாரும் உங்க பல்லைப் புடுங்க வரலை. க்ளட்ச்சை மிதிங்க. நியூட்ரல். அப்புறம் சாவி” என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அம்மா.

“எங்க இருக்கே?”

“ரவுண்டானால. நடுவுல.”

“சரி, பாத்து வா.” அம்மா கொஞ்சம் நிறுத்தினாள். “அவசரம் ஒண்ணுமில்ல இனிமே.”

அவள் டாக்டரை இடம் மாறச் சொல்லி, தானே ஓட்டிக்கொண்டு போய் அவரை க்ளினிக் வாசலில் இறக்கிவிட்டாள். மணி பத்தே முக்கால். வீட்டைவிட்டுக் கிளம்பி ஒன்றேகால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. டிரைவிங் ஸ்கூல் வேலைக்கு மூன்று வாரம் லீவு போட்டு, குளிக்கப் போனால்கூடக் கதவைத் தாழிடாமல், அப்பா போகிறபோது பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஒரே காரியத்துக்காக உட்கார்ந்திருந்தவள். அந்த ஒன்றேகால் மணி நேரமாகப் பார்த்து அவர் கிளம்பிவிட்டார். அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. மனுஷனுக்குக் கடைசிவரைக்கும் இந்த வீம்பு போகவில்லையே என்று நினைத்தாள்.

வீட்டில் தம்பி ஹெட்போனைக் கழற்றிக்கொண்டிருந்தான். கடையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தான்; காதுக்குப் பின்னால் செருகிய சின்ன ஸ்க்ரூ டிரைவர் அங்கேயே இருந்தது. நாள் முழுக்கச் செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன் என்பதால் எதையும் வலிக்காமல் கழற்றத் தெரியும். அப்பாவின் தலையை ஒரு கையால் தாங்கி, மறு கையால் ஹெட்போனைக் காதிலிருந்து விலக்கி எடுத்தான். காதைச் சுற்றி வட்டமாகத் தடம் விழுந்திருந்தது.

“பாட்டு ஓடிட்டேதான் இருந்துச்சு அக்கா. சுத்தமா, ஒரு பொட்டு இரைச்சல் இல்லாம கேட்டுட்டே போயிட்டாரு” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரலில் ஒரு நிறைவும் இருந்தது. அது அவன் செய்துகொடுத்த வேலை.

“நீ இருந்தியாம்மா?” என்று அவள் கேட்டாள்.

“துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். வந்து பாத்தா...” என்றாள் அம்மா. “காதுல மாட்டிட்டா எப்பவும் கண்ணை மூடிக்குவாருல்ல. எனக்கு வித்தியாசமே தெரியல. டீ வேணுமான்னு ரெண்டு தடவை கேட்டேன்.”

கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் அப்பா செய்த பாட்டுப் பெட்டி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து சுவிட்சை அணைத்தாள். வால்வின் கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த சிவப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மங்கி நின்றது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்து நாலு வருஷம் ஊரையே மேலே ஏற்றி இறக்கியவர், தான் மட்டும் எங்கேயும் படியில்தான் ஏறுவார். ஆறு மாதத்துக்கு முன்னால் நுரையீரல் படத்தைப் பார்த்து டாக்டர் கையை விரித்த அதே வாரத்தில் இந்தப் பெட்டியைத் தொடங்கினார். ஹெட்போனில் பாட்டுக் கேட்பதற்கு ஒரு ஆம்ப்ளிஃபயர். கடையில் கிடைக்கிற சமாச்சாரம்தான்; ஆனால் அவருக்குத் தன் கையால் செய்ய வேண்டும், அதுவும் பாதி பழசு பாதி புதுசாக. குரலுக்கு ஒரு வால்வு, அது தருகிற குரலைத் தள்ளிவிடுகிற பலத்துக்கு இரண்டு டிரான்சிஸ்டர். பெட்டியின் முகப்புக்கு ஏதோ பழைய லிஃப்டின் பட்டன் தகடு. மூன்றாம் மாடி ஓட்டையில் வால்யூம் திருகு. அபாய மணிப் படம் போட்ட ஓட்டையில் ஹெட்போன் குத்த வேண்டும். பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கு அதில் பெருமை.

செய்தது இரண்டு மாதம், பழுது பார்த்தது நாலு மாதம். ஒவ்வொரு பழுதையும் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைப்பார். இடது பக்கம் ஊமை. டிரான்சிஸ்டர் கை வைக்க முடியாத சூடு. தட்டினால் வால்வு மணி மாதிரி அடிக்கிறது. ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சரிசெய்தார். கடைசியில் மிஞ்சியது ஒரு இரைச்சல்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் வந்து சேர்ந்தபோது அவர் அந்த இரைச்சலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நேர்ப்பேச்சு நின்று ஒன்பது வருஷம். கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து எட்டே மாதத்தில் அவள் துணிப்பெட்டியோடு திரும்பி வந்தபோது, “கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்” என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அவள் பதிலே சொல்லாமல் தனியாக வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் எல்லாம் அம்மா வழியாகத்தான். ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, “அவ சாப்பிட்டாளான்னு கேளு” என்பார். “சாப்பிட்டேன்னு சொல்லு” என்பாள் அவள். “நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?” என்று அம்மா கத்துவாள். கத்திவிட்டு இணைப்பும் கொடுப்பாள்.

வந்த இரண்டாம் நாள் அது நடந்தது. அப்பா அப்போது நாற்காலியில் உட்கார முடிகிற நிலையில் இருந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி உள்ளே எதையோ குச்சியால் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருக்கு மாத்திரை வைக்க வந்தவள், தண்ணீர் ஜாடிக்கு எட்டுவதற்காக இடது கையைப் பெட்டியின் மேல் ஊன்றினாள். அப்பாவின் முகம் சட்டென்று மாறியது. சுளிப்பு போய்விட்டது. அவள் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். சுளிப்பு வந்துவிட்டது.

அவர் திரும்பி அவளையே பார்த்தார். “வை” என்றார்.

வைத்தாள்.

“எடுக்காதே.”

ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தைகள் இவைதான். “வை”, “எடுக்காதே”. அடுப்படி வாசலில் நின்ற அம்மா ஒன்றும் கேட்காதவள் மாதிரி உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காலையில் ஒரு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம். அவர் கேட்பார், அவள் கை வைத்திருப்பாள். அடுத்த வாரமே அவர் படுக்கையாகிவிட்டார். கையில் ஊசி, மூக்கில் குழாய். பெட்டி மேஜையிலிருந்து ஸ்டூலுக்கு வந்தது. அவருக்கு எட்டாது. அவளுக்கு எட்டும். இடது கை பெட்டியின் மேல், வலது கையில் டீ டம்ளர். தகடு இளஞ்சூடாக இருக்கும். ஓடுவது என்ன பாட்டு என்றுகூட அவளுக்குத் தெரியாது. கை மரத்துப்போகும், மாற்றி வைப்பாள். மாற்றுகிற அந்த ஒரு நொடியில் அவர் புருவம் சுருங்கும். இரைச்சலை அவள் ஒருநாளும் காதால் கேட்டதில்லை. அப்பாவின் புருவத்தில்தான் பார்த்தாள். பேச்சென்று ஒன்றும் பெரிதாக வளரவில்லை. “கை வலிக்குதா?” என்று ஒருநாள் கேட்டார். “இல்ல” என்றாள். அவளுக்கு அது போதுமானதாகவே இருந்தது.

இன்று காலை ஏழு மணிக்குத் தம்பி வந்தான். அக்கா பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு, கழுத்தைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவனுக்கு மனசு கேட்கவில்லை. “இதுக்குப் போய் ஒரு ஆளை உக்கார வச்சிருக்காரே. எர்த் இல்ல, அவ்வளவுதான். தகடும் உள்ள இருக்கிற சர்க்யூட்டும் ஒட்டாம நிக்குது. கை வச்சா வைக்கிற ஆளே எர்த். ஒரு வயர் போட்டா முடிஞ்சுது” என்றான். பெட்டியை முன்னறைக்குத் தூக்கிக்கொண்டு போனான். பத்து நிமிஷம். ஈயம் பற்றவைத்த புகை வந்தது. திரும்பக் கொண்டுவந்து வைத்து, அப்பாவுக்கு மாட்டிவிட்டான்.

“எப்பிடிப்பா? இரையுதா?”

அப்பா கொஞ்ச நேரம் கேட்டார். “நல்லாருக்கு” என்றார். பிறகு அவர் பார்வை பெட்டியின் மேலேயே இருந்த அவள் கைக்கு வந்தது. அதில் நின்றது.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

அவர் புருவம் சுருங்கவில்லை. சரி, இனி நம் கைக்கு இங்கே வேலை இல்லை என்று நினைத்தாள். பல் டாக்டருக்கு அடுத்த வாரம் லைசென்ஸ் டெஸ்ட். ரவுண்டானா ஒன்றுதான் பாக்கி. ஒன்பதரை மணிக்குக் கிளம்பினாள்.

சாயந்திரம் நாலு மணிக்கு அப்பாவைக் கொண்டுபோக வண்டி வந்தது. லிஃப்ட் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர், தலை நரைத்தவர்கள், படிக்கட்டுத் திருப்பத்தில் கட்டிலை எப்படிச் சாய்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். “லிஃப்ட்ல கொண்டு போயிடலாமே” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். “படியிலேயே போகட்டும் சார். உயிரோட இருக்கிறப்பவே அவன் லிஃப்ட்டை நம்பினதில்ல” என்றார் ஒருவர். யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். அம்மாவும் சிரித்தாள், பிறகு அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மகள் கட்டிலின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினாள். அழவில்லை. எல்லாம் முடிந்து திரும்பி வந்து, செருப்பைக் கழற்றும்போதுதான் தம்பிமேல் கோபம் வந்தது. நியாயமே இல்லாத கோபம். ஆனாலும் வந்தது. அந்த வயரை மட்டும் போடாமல் இருந்திருந்தால் பத்து மணிக்கு அவள் அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில்தான் இருந்திருப்பாள். அதை வாய்விட்டுச் சொன்னால் அவன் ஆயுசுக்கும் தூங்கமாட்டான். சொல்லவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு பேருமாக அறையை ஒழித்தார்கள். ஊசி, பஞ்சு, மாத்திரை அட்டைகள். பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பி திடீரென்று, “அப்பாவுக்குக் கடைசில ஞாபகம் தப்பிப் போச்சுக்கா” என்றான்.

“ஏன்?”

“நேத்தே சொல்லணும்னு நினைச்சேன். நான் புது வயர் எதுவும் போடல. வயர் உள்ளயேதான் இருந்துச்சு. அளவா வெட்டி, தகட்டுல அழகா பத்தவச்சிருக்காரு. அப்புறம் அவரே ஒரு முனையைக் கழட்டி, டேப் சுத்தி, மடக்கி ஓரமா வச்சிருக்காரு. நான் டேப்பைப் பிரிச்சு ஒட்டினேன், அவ்வளவுதான். முப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்த மனுஷன், எர்த்தைக் கழட்டி வைப்பாரா சொல்லு.”

அவள் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். காலண்டர் தாள் அங்கே இருந்தது. அப்பாவின் கையெழுத்து மேலே நேராகவும் கீழே போகப் போக நடுங்கியும் இருந்தது. இடது ஊமை, சாக்கெட் கால் தளர்வு, சரி. சூடு, தகடு பெரிதாக்கியது, சரி. வால்வு மணி அடிப்பது, ரப்பர் வளையம், சரி. இரைச்சல், எர்த் வயர், சரி. அதற்கு நேரே தேதி. அவள் முதன்முதலில் கை வைத்த நாளுக்கு மறுநாள்.

அதற்குக் கீழே, அதே தேதியில், இன்னொரு வரி இருந்தது. “எர்த் வேண்டாம்.”

தம்பி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். “பாத்தியா? எவனாவது எர்த் வேண்டாம்னு எழுதுவானா? பாவம்கா. மூளைக்கு ஆக்சிஜன் போகாம இப்பிடியெல்லாம் ஆகும்னு டாக்டர் சொன்னாரு.”

“ஆமா” என்றாள்.

தாளை நாலாக மடித்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். முன்னறையில் அம்மா யாரிடமோ போனில், “ஆமா, தூக்கத்துல போன மாதிரிதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பெட்டி எனக்கு வேணும்” என்றாள் அவள்.

“எடுத்துக்கோ. எனக்கெதுக்கு.”

“அந்த வயரைக் கழட்டிக் குடு.”

தம்பி அவளைப் பார்த்தான். “கழட்டினா இரையும்கா.”

“தெரியும்.”

அவள் முகத்தில் என்ன பார்த்தானோ, காதுக்குப் பின்னால் இருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். மூடியைக் கழற்றி, சூடு வைத்து, ஒரு முனையை எடுத்து, டேப் சுற்றி, மடக்கி ஓரமாக வைத்தான். முன்பு இருந்த மாதிரியே வைத்துவிட்டுக் கடையைத் திறக்கப் போனான்.

அவள் பெட்டியை ஸ்டூலில் வைத்து சுவிட்சைப் போட்டாள். வால்வு சிவக்க அரை நிமிஷம் ஆனது. அப்பாவின் ஹெட்போனை முதன்முறையாகத் தன் காதில் மாட்டிக்கொண்டாள். தடிமனான இரைச்சல், நின்றுபோகாமல். இவ்வளவு சத்தமா இது. பாட்டு எங்கேயோ அதற்குப் பின்னால் இருந்தது. அவள் புருவம் சுருங்கியது.

அம்மா டீ கொண்டுவந்து நீட்டினாள். அவள் வலது கையால் டம்ளரை வாங்கிக்கொண்டு, இடது கையைப் பெட்டியின் மேல் வைத்தாள்.